மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு உண்டு

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒருவருக்கு மனம் பேதலித்தால் "கோட்டி பிடிச்சிட்டு" என்று சொல்லி முதலில் கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போவார்கள், ஆஸ்பத்திரி அப்புறம்தான். சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் சங்கிலியில் கட்டிப்போடக் கூடாது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை அடியோடு தடுக்கிறது. 2001-ல் ராமநாதபுரம் ஏர்வாடியில் (நம்ம நாங்குநேரி பக்கத்து ஏர்வாடி இல்லை) கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் தீயில் கருகினார்கள், செத்தது 28 பேர்.

அதே சட்டத்தின் 21(4) பிரிவைத்தான் பலருக்குத் தெரியவில்லை. உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும். 2018 மே 29 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2021-ல் தில்லி உயர் நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2022 அக்டோபர் 31-க்குள் எல்லா பாலிசியிலும் சேர்த்தாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் கெடு வைத்தது.

அப்படியும் மறுப்பார்கள். சித்தி மகனை மனச்சிதைவுக்காகச் சேர்த்தபோது "மனநோய் பாலிசியில் வராது" என்று கம்பெனியிலிருந்து ஒரே வரியில் கடிதம் வந்தது, சித்தி அதை நாலாக மடித்து மாத்திரைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குத் திரும்ப எழுதினோம், பணம் வந்தது. 30 நாளில் பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. அதனால் மறுப்பை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாலிசி எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் நோயை மறைக்கவும் வேண்டாம், மறைத்தால் அதையே காரணம் காட்டிக் கைவிரிப்பார்கள். சொன்னால், அந்த நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான்.

சரி, மாதாமாதம் மாத்திரை? பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்தால்தான் தரும், மாத்திரைக்குத் தராது. அதற்கு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) மனநலப் பிரிவுதான் வழி, மருந்து இலவசம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு நிலையங்களில் மனநலச் சிகிச்சை இலவசம் என்பது சட்டமே தந்த உரிமை, கெஞ்ச வேண்டியதில்லை. நோய் நாள்பட்டு, பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மாற்றுத்திறனாளி சான்றுக்கும் அங்கேயே கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வரவே மறுக்கிறார் என்றால் அரசு மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் போடுங்கள், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று பயமாக இருந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுங்கள்.