“இப்போ தொந்தரவு ஒன்னும் இல்லைங்க”: அதற்குப் பிறகு வேண்டியவை

மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு மறுபரிசோதனைக்கு வருபவரிடம் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால், பெரும்பாலும் உடன் வந்த தாயோ, மனைவியோ, அண்ணனோதான் பதில் சொல்கிறார்கள். “நல்லா சாப்பிடுறான், ராத்திரி தூங்கிடுறான், முன்ன மாதிரி தொந்தரவு ஒன்னும் இல்லைங்க” என்பதே வழக்கமான பதில். அதைக் கேட்ட மருத்துவர் அதே மாத்திரைகளை இன்னொரு மாதத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். வெளியே நீண்ட வரிசை நிற்பதால் அடுத்தவர் அழைக்கப்படுகிறார். நோயாளி என்று சீட்டில் பெயர் எழுதப்பட்டவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமலேயே வந்து திரும்புவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

மாவட்ட மருத்துவமனை ஒன்றில் மனநல சமூகப் பணியாளராக இருக்கும் எனக்கு, இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கவலை எழுகிறது. குரல்கள் கேட்பது நின்று, சந்தேகம் தணிந்து, தூக்கம் திரும்பியிருப்பது பெரிய விஷயம்தான். மருந்து இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் வீட்டாருக்குத் தொந்தரவு நின்றுபோன அந்த நாளிலிருந்துதான் நோயுற்றவரின் சொந்தத் தேவைகள் ஒவ்வொன்றாக வெளிப்படத் தொடங்குகின்றன. அப்போது கேட்பதற்கு ஆள் இருப்பதில்லை.

2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை அப்போது இருந்தது. அதில் பெரும்பகுதி மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் சார்ந்தது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாறு போன்ற தீவிர நோய்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே அன்றைய நிலையில் இருந்தன என்றாலும், அவை இளமையிலேயே தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீடிப்பவை. நான் இங்கே எழுதுவது இந்தத் தீவிர நோய்கள் வந்தவர்களைப் பற்றியே.

முதலில், வீட்டில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனச்சிதைவில் இல்லாத குரல் கேட்பது, யாரோ சதி செய்வதாக நம்புவது ஆகியவை எல்லோர் கண்ணிலும் படுகின்றன. அதே நோய் ஆர்வத்தையும் முனைப்பையும் வற்றச் செய்யும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குளிக்கத் தோன்றாது, பேசத் தோன்றாது, எழுந்தால் செய்ய ஏதோ இருக்கிறது என்ற எண்ணமே வராது. மாத்திரையின் மயக்கமும் கூடச் சேர்ந்துகொள்ளலாம். மருந்து குரல்களை அடக்கும் அளவுக்கு இந்த வறட்சியைப் போக்குவதில்லை. வீட்டாரோ இதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டு, “தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குற, உன் வயசுப் பையன் குடும்பத்தையே காப்பாத்துறான்” என்று காலையிலிருந்து இரவு வரை இடித்துரைக்கிறார்கள். லண்டனில் 1950களில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கி வைத்த ஆய்வுகளும் அதன்பின் பல நாடுகளில் நடந்தவையும் திரும்பத் திரும்பக் காட்டியது ஒன்றுதான்: ஓயாத குறை கூறலும் வெறுப்பும் நிறைந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களிடம் நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகம். வளர்ந்த மகனுக்கு ஊட்டிவிட்டு, கடைக்குக்கூட அனுப்பாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் அளவுகடந்த பாதுகாப்பும் அதே விளைவைத் தருவதை அந்த ஆய்வுகள் கண்டன. திட்டுபவரும் அன்பு இல்லாதவர் அல்லர், பொத்தி வைப்பவரும் கெடுதல் நினைப்பவர் அல்லர். இருவருக்கும் நோயைப் பற்றி யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை.

ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முப்பதைத் தாண்டியவர். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நோய் தொடங்கியதால் படிப்பு நின்றது. மாத ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக அமைதியாக இருந்தார். கையில் காசு கிடையாது. பழைய கைபேசியை நோய் முற்றிய காலத்தில் வாங்கி வைத்த அண்ணன் திருப்பித் தரவேயில்லை. தங்கையின் வளைகாப்பு நாளன்று, சம்பந்தி வீட்டார் முன் ஏதாவது நேர்ந்துவிடக் கூடாது என்று அவரைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் தனியாகக் கேட்டபோது நெடுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸுல நானே வரணும்” என்றார்.

தாய்க்கு அது திகிலாக இருந்தது. “எங்கயாவது இறங்கிட்டா யாருங்க தேடுறது?” என்று அழுதார். ஒரே நாளில் தனியாக அனுப்பச் சொல்வது நியாயமும் இல்லை. எனவே முதல் சில பயணங்களில் இருவரும் ஒரே நகரப் பேருந்தில் ஏறுவதென்றும், அம்மா முன்னால் பெண்கள் பக்கம் உட்கார, மகன் பின்னால் நின்று நடத்துநரிடம் தன் சீட்டைத் தானே கேட்டு வாங்குவதென்றும் முடிவு செய்தோம். அம்மாவுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்பதால், காசு கொடுத்து வாங்க வேண்டியது அவருடைய சீட்டு மட்டும்தான். அந்தக் காசை முதல் நாளே அவர் கையில் கொடுத்துவிட வேண்டும், மீதிச் சில்லறையைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனையை மட்டும் நான் வைத்தேன். அடுத்த கட்டமாக அம்மா ஒரு பேருந்து தள்ளி வந்தார். பின்னர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

வேலையும் அந்த வழியில்தான் வந்தது. ஊர்ப் பால் சொசைட்டியில் கறவைக்காரர்கள் கொண்டுவரும் பாலின் லிட்டர் கணக்கை நோட்டில் எழுத ஆள் தேவைப்பட்டது. மாத்திரை மயக்கத்தோடு விடியற்காலையில் எழுவது அவரால் முடியாது என்பதால், மாலைக் கறவைக்கு மட்டும் செல்வதாக ஏற்பாடு செய்தோம். இரவு மாத்திரையைச் சற்று முன்னதாகவே போட்டுக்கொள்ள மருத்துவரும் ஒப்புக்கொண்டார். “சும்மா உதவிக்கு இருக்கட்டும்” என்ற பேச்சு எழுந்தபோது, சிறு தொகையானாலும் கூலி என்று கையில் கொடுக்க வேண்டும் என வற்புறுத்தினோம். இடையில் ஒருமுறை நோய் கிளர்ந்து அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. அப்போது சொசைட்டிச் செயலாளர் வேறு ஆளை நிரந்தரமாகப் போடாமல் காத்திருந்தார். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல் அதுவே. வேலை தருபவர்கள் பலர் முதல் மாதத்துக்கு இரக்கப்படுகிறார்கள். முதல் சறுக்கலுக்குப் பிறகும் இடத்தை வைத்திருப்பவர்கள் சிலரே.

தீவிர மனநோய் வந்தவர்களால் வேலை செய்ய முடியாது என்ற எண்ணத்துக்கு நம் ஊர்ச் சான்றுகளே மறுப்பாக இருக்கின்றன. மனச்சிதைவு நோயின் முதல் கட்டத்திலிருந்த 90 பேரை 1981 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த சென்னை ஆய்வில், அவர்களில் கணிசமானோர் வேலைக்கும் குடும்ப வாழ்வுக்கும் திரும்பியிருந்தது தெரியவந்தது. மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று உதவும் முறையைத் தமிழகம், கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மூன்று இடங்களில் சோதித்த ஆய்வு 2014இல் வெளியானது. அம்முறை நோயாளிகளின் அன்றாடச் செயல்பாட்டில் இருந்த தடைகளைக் குறைத்தது என்பதும், தமிழகத்தின் கிராமப்புறத்தில் அதன் பயன் தெளிவாகத் தெரிந்தது என்பதும் நம் பணியாளர்களுக்கு ஊக்கம் தர வேண்டும். வீடு தேடிப் போக ஆள் இல்லாத மாவட்டங்களில் இது காகிதத்திலேயே நிற்கிறது என்பதையும் வருத்தத்துடன் சொல்கிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயை 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாக ஏற்கிறது. தன்னைக் கவனித்துக்கொள்ளல், பிறருடன் பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளல், வேலை ஆகிய நான்கையும், நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதையும் பார்த்து மருத்துவக் குழு பாதிப்பின் சதவீதத்தைக் கணக்கிட்டுச் சான்றிதழ் தரும். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் சட்டத்தின் முக்கியப் பயன்களைக் கோரலாம். அரசு வேலைவாய்ப்பில் மனநோய், அறிவுசார் குறைபாடு, புறஉலகச் சிந்தனையற்ற நிலை (ஆட்டிசம்) உள்ளிட்ட சில பிரிவினருக்குச் சேர்த்து ஒரு சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனாலும் சான்றிதழே வேண்டாம் என்பவர்கள் அதிகம். “தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், இந்த நேரத்துல அட்டை கிட்டைன்னு வேணாம்” என்று தள்ளிப்போடுவார்கள். அந்த அச்சத்தை அலட்சியமாகப் பேச எனக்கு மனம் வராது. ஊர் அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆனால் அந்த அட்டை யாருக்கு உரியதோ, அவரைக் கேட்காமலேயே வேண்டாம் என்று முடிவு செய்வதை ஏற்க முடியாது.

பெண்களின் நிலை இதைவிடக் கடினம். “கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்” என்று நோயை மறைத்து மணம் முடிக்கிறார்கள். மறைத்ததால் மாத்திரையையும் நிறுத்துகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு நோய் வெடித்ததும் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போகிறார்கள். குடும்ப அட்டையில் பெயர் ஒரு வீட்டில், உடல் இன்னொரு வீட்டில் என வாழும் இந்தப் பெண்களில் பலர் கழுத்தில் தாலியோடு கணவர் வருவார் என்று காத்திருக்கிறார்கள். குழந்தையைப் பார்க்கவும் அனுமதி இருப்பதில்லை. மனநோய் என்ற பெயர் மட்டுமே விவாகரத்துக்குப் போதாது, சேர்ந்து வாழ இயலாத அளவுக்கு அதன் தன்மையும் தீவிரமும் இருப்பதாக நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே தெளிவாக்கியிருக்கிறது. சிகிச்சைக்காகச் சேர்க்கப்படும் தாயை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்கிறது. இவை தெரியாததால் ஜீவனாம்சம்கூடக் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

உடல் நலத்தையும் சொல்லியாக வேண்டும். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதில் பெரும்பங்கு இதயநோய், சர்க்கரை போன்றவற்றால் நேர்வது. சில மருந்துகள் எடையைக் கூட்டும். நெஞ்சு வலிக்கிறது என்று இவர்கள் சொன்னால் “அது மனசு” என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், எடை மூன்றையும் தவறாமல் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துச் செல்லும் குடும்பங்களை நான் தடுப்பதில்லை. மாத்திரையை நிறுத்தாமல் போய்வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் சங்கிலி என்ற பேச்சுக்கே இடமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

பார்த்துக்கொள்பவர்களின் களைப்பும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். அமிர்தசரஸில் மனநல மருத்துவர் வித்யா சாகர் 1950களில் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் தொடக்கம் முதலே அந்த வழியில் நடந்தது. நோயைப் பற்றி அறிந்துகொள்ளவும், அதே நிலையில் இருக்கும் இன்னொரு தாயிடம் மனம் விட்டுப் பேசவும் அங்கே இடம் இருந்தது. மாதம் ஒருமுறை பராமரிப்பவர்கள் கூடிப் பேச ஒரு அறையும் ஒரு மணி நேரமும் ஒதுக்கினால், எந்த மாவட்ட மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ தமிழிலேயே பேசலாம். நோயுற்றவரும் பேசலாம், பார்த்துக்கொள்பவரும் பேசலாம்.

வயதான பெற்றோர் கடைசியாகக் கேட்பது, கதவருகே போய்த் திரும்பி நின்று கேட்பது, “எனக்கப்புறம் இவனை யாருங்க பார்ப்பா?” என்பதுதான். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 வழியாகப் பாதுகாவலர் நியமிக்கலாம் என்று யாரோ சொல்ல, அலைந்து திரும்புகிறார்கள். அந்தச் சட்டம் மனநோயை உள்ளடக்கியதல்ல. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொத்துப் பாதுகாவலருக்கான ஏற்பாடு இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட முடிவுகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் துணை நிற்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலரைக் கோரலாம். அதிலும் முடிவுகளை நோயுற்றவரோடு கலந்தே எடுக்க வேண்டும். சிகிச்சை விஷயத்தில் தனக்காகப் பேச யாரை நம்புகிறார் என்பதை, நலமாக இருக்கும் காலத்தில் வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமோ கைரேகையோ இட்டு அவரே நியமிக்கலாம். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. பெற்றோரில் ஒருவர் அரசு ஊழியராகவோ ஓய்வூதியராகவோ இருந்தால், சம்பாதிக்க இயலாத அளவுக்கு மனநோயுற்ற மகனுக்கோ மகளுக்கோ வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதிகளில் இடம் இருக்கிறது. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே மருத்துவச் சான்றுடன் அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிடுவது நல்லது. இறந்த பிறகு அதை நிறுவ அலைவது உடன்பிறந்தவர்களுக்குப் பெரும்பாடு. இதற்கான தாள்களை எழுதும் நாளில் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றும் எதற்கு என்று படித்துக் காட்டுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் அவரிடமும் இருக்கும்.