மூன்று பதில் சொல்லும் ஒரு பல்பு

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப்பெட்டி பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. வேலை மேசைக்கு மேலே பலகையில் 200 வாட் குண்டு பல்பு. சீரீஸ் போர்டு என்பார்கள். எந்தப் பொருள் வந்தாலும் கடைக்காரர் அதை நேராக சாக்கெட்டில் சொருக மாட்டார். இந்த பல்பைக் கடந்துதான் அதற்குக் கரண்ட் போக வேண்டும்.

நான் அங்கே நின்றிருந்தபோது ஒரு அக்கா 1000 வாட் இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுவந்தார். சொருகியதும் பல்பு எரியவில்லை.

"காயில் போயிடுச்சாப்பா?"

"இருங்கக்கா." வயர் கைப்பிடிக்குள் நுழைகிற கழுத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் வளைத்தார். பல்பு ஒரு கணம் எரிந்து அணைந்தது. "காயில் நல்லா இருக்கு. வயர்தான் உள்ள அறுந்திருக்கு."

கரண்டுக்குத் திரும்பி வர வழி இருந்தால்தான் அது கிளம்பவே செய்யும். கரண்டைக் கொண்டுவரும் பேஸ் வயரில் புறப்பட்டு, காயிலை, அதாவது பெட்டியைச் சூடாக்கும் கம்பிச்சுருளைக் கடந்து, நியூட்ரல் என்கிற மற்ற வயர் வழியாகத் திரும்ப வேண்டும். நடுவில் ஒரு மில்லிமீட்டர் அறுந்தாலும் மொத்த ஓட்டமும் நின்றுவிடும். இதுதான் திறந்த சுற்று. சுவிட்சை அணைக்கும்போது நாமே செய்வதும் இதைத்தான். ஆனால் ஓட்டம் நின்றதால் ஆபத்து நின்றதாக நினைக்கக் கூடாது. அறுந்தது நியூட்ரலாக இருந்தால், பெட்டிக்குள் 230 வோல்ட் வழி தேடிக் காத்திருக்கும். நம் கை பட்டால் அந்த வழி நாம்தான்.

அப்புறம், கரண்ட் எங்கே திரும்புகிறது? அத்திப்பட்டில் இருக்கிற வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு அல்ல. நம் வீட்டுச் சுற்று தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் சுருளோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கச் சுருளிலிருந்து இந்தப் பக்கத்துக்கு ஆற்றலைக் கடத்துவது காந்தப்புலம். எலக்ட்ரான்கள் ஊர்விட்டு ஊர் வருவதில்லை, வயருக்குள்ளேயே நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகின்றன. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

சரி, வயரை வளைத்தபோது பல்பு எரிந்ததே, அது மூடிய சுற்று. 1000 வாட் காயிலின் தடை சுமார் 53 ஓம், எரியும் 200 வாட் பல்பின் தடை சுமார் 265 ஓம். 230 வோல்ட்டில் பெரும்பங்கு, ஏறக்குறைய 190, பல்புக்கே போகிறது. அதனால் பல்பு முழுதாக இல்லாமல் சற்று மங்கலாக எரியும். முழு வெளிச்சத்தில் எரிந்தால்? எதிரே தடையே இல்லை, பேஸும் நியூட்ரலும் உள்ளே ஒட்டிக்கொண்டன என்று பொருள். ஷார்ட், அதாவது குறுக்குச் சுற்று.

கடையில் ஷார்ட் ஆனாலும் பல்பின் தடை காப்பாற்றும், 0.9 ஆம்பியருக்கு மேல் போகாது. வீட்டில் அந்தப் பல்பு இல்லையே! 20 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போயிருந்தால், போக வர அதன் தடை அரை ஓம்கூட இராது. 230-ஐ அரையால் வகுங்கள்: 460 ஆம்பியர். இஸ்திரிப்பெட்டி சாதாரணமாக எடுப்பது 4.3 தான். கரண்ட் நூறு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு பத்தாயிரம் மடங்காகும், ஏனென்றால் சூடு கரண்டின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அந்தச் சூட்டை வயருக்கு முன்னால் வாங்கி உருகி, சுற்றைத் துண்டிக்கத்தான் ஃபியூஸ் கம்பி. தானாகவே அணைகிற சுவிட்சான எம்.சி.பி.யில் அந்த வேலையை ஒரு மின்காந்தம் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் செய்கிறது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றிவைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அப்போது ஃபியூஸ் நிற்கும், சுவருக்குள் இருக்கிற வயர் உருகும்.

கடைக்காரர் பழைய வயரை வெட்டிப் போட்டுவிட்டு அதன் பிளக்கைக் காட்டினார். ஒரு பின்னில் பச்சைக் களிம்பு, அடியில் பிளாஸ்டிக் உருகிக் கருத்திருந்தது. காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்கரை உப்புக்காற்றில் இது சகஜம். களிம்பால் இடையில் ஒரே ஒரு ஓம் தடை சேர்ந்தால்கூட, 4.3 ஆம்பியர் ஓடும்போது அந்தப் புள்ளியில் 18 வாட்டுக்கு மேல் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் அளவு. சுற்று திறக்கவும் இல்லை, ஷார்ட்டும் இல்லை. ஃபியூஸுக்கும் தெரியாது, சீரீஸ் பல்புக்கும் தெரியாது.

"வீட்டு சாக்கெட்டையும் மாத்திடுங்கக்கா" என்றபடி புது வயர், புது பிளக் போட்டு மறுபடி சொருகினார். பல்பு சற்று மங்கலாக, அசையாமல் எரிந்தது.