ஓடிவிட்டு வந்தால் சுகர் ஏறுமா?

"எக்சர்சைஸ் செஞ்சா சுகர் குறையும்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க?" என்று கேட்டபடியே ஒரு சின்ன நோட்டை மேசையில் விரித்தார் அவர். வயது ஐம்பதை நெருங்குகிறது, சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவர். காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் 132. இருபது நிமிடம் விட்டு விட்டு மூச்சு வாங்க ஓடிவிட்டு வந்து பார்த்தால் 178. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்.

நடுவில் எதுவும் சாப்பிடவில்லை, மீட்டரிலும் பழுதில்லை. அப்புறம் அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? அவருடைய கல்லீரலிலிருந்துதான்.

நம் ரத்தம் முழுவதிலும் சேர்த்து ஓடுகிற குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம், ஒரு தேக்கரண்டி. வேகமாக ஓடுகிற தசைக்கு அது சில நிமிடங்களுக்குத் தாங்கினாலே பெரிது. மூளைக்கும் அதிலிருந்துதான் போக வேண்டும். அதனால் உடல் கையிருப்பைத் திறக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைகோஜன், அதாவது சேமித்து வைத்த சர்க்கரை, இருக்கும். தசைகளில் அதைவிடப் பல மடங்கு உண்டு, ஆனால் தசை கொஞ்சம் கஞ்சன்: தன் இருப்பைத் தானே செலவழிக்குமே தவிர ரத்தத்துக்குக் கொடுக்காது. கொடுப்பதற்கான நொதி அதனிடம் இல்லை.

கல்லீரல் கிடங்கைப் பூட்டி வைத்திருப்பது இன்சுலின். உடற்பயிற்சியின்போது இன்சுலின் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் குறைகிறது. ஓடத் தொடங்கியதுமே நரம்புகள் கணையத்தை அடக்கி இன்சுலினைக் குறைத்துவிடுகின்றன; இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககான் ஹார்மோனின் கை ஓங்குகிறது, கல்லீரல் திறக்கிறது, கொழுப்பும் கரைந்து எரிபொருளாக வருகிறது. சரி, இன்சுலின் இல்லாமல் தசைக்குள் சர்க்கரை எப்படி நுழையும்? தசை சுருங்குவதே போதும். உள்ளே ஒதுங்கியிருக்கும் குளுக்கோஸ் கடத்திகள் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத சர்க்கரை நோயாளிக்கும் இந்தக் கொல்லைப்புறக் கதவு திறக்கும். நடக்கச் சொல்லி நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

நிதானமாக நடந்தால் வரவும் செலவும் ஒட்டிப் போகும், அல்லது செலவு கொஞ்சம் மிஞ்சும்; சுகர் குறையும். மூச்சு வாங்க ஓடும்போதும் பெரிய எடையைத் தூக்கும்போதும் அட்ரினலின் எகிறுகிறது. தசை எடுப்பதைவிட அதிகமாகக் கல்லீரல் கொட்டிவிடுகிறது. அதிகாலையில், சர்க்கரையை ஏற்றும் கார்டிசால் ஹார்மோன் வேறு உச்சத்தில் இருக்கும். 178 அப்படி வந்ததுதான். இரண்டு மணி நேரம் கழித்தும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். 121.

இவரைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என் கவலை இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போல இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை எடுப்பவர்களும்தான். ஊசியில் போட்ட இன்சுலினை நரம்பு அடக்க முடியாது. கிடங்கு பூட்டியே கிடக்கும், தசையோ இழுத்துக்கொண்டே இருக்கும். ஆட்டம் முடிந்த பிறகும் விடாது: காலியான கிளைகோஜனைத் தசை மணிக்கணக்காக நிரப்பிக்கொள்ளும், இன்சுலினுக்குத் தசை காட்டும் இணக்கமும் ஒரு நாளைக்கு மேல் கூடுதலாகவே இருக்கும்.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு பெண்மணி மாலையில் இறகுப்பந்து ஆடத் தொடங்கினார். ஆடிய இரவுகளில் நைட்டி நனைய வியர்த்து விழிப்பு வரும். மாதவிடாய் நிற்கும் வயது, அதனால்தான் என்று மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். ஆடாத நாளில் இப்படி வருகிறதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இல்லையே" என்றார். அடுத்த முறை விழிப்பு வந்ததும் மீட்டரில் பார்த்தார்: 54. சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது.

ஆடும் நாளின் இரவு டோஸைக் குறைத்தோம். அளவு ஆளுக்கு ஆள் மாறும், நீங்களாகக் குறைக்காதீர்கள். ஆடத் தொடங்குமுன் 90க்குக் கீழே இருந்தால் 15 முதல் 20 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும், படுக்குமுன்னும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. உடலில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காத டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு 250ஐத் தாண்டி, இன்சுலின் போதாமல் கொழுப்பு எரியும்போது சேரும் கீட்டோனும் இருந்தால் அன்றைக்கு ஓட்டம், ஆட்டம் எதுவும் வேண்டாம்.

கை நடுக்கம், படபடப்பு எதுவுமே இல்லையே டாக்டர் என்று அவர் ஆச்சரியப்பட்டார். ரத்த அழுத்தத்துக்கு அவர் எடுத்துவந்தது பீட்டா பிளாக்கர் என்ற வகை மாத்திரை. அட்ரினலின் தரும் அந்த இரண்டு எச்சரிக்கைகளையும் அது அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அமுக்காது.