ஸ்ட்ரைக்கர் நிற்கும் வரை

தண்டையார்பேட்டையைச் சேர்ந்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர், தொடக்கத் திசைவேகத்தையும் தூரத்தையும் மட்டும் கொடுத்துவிட்டு முடுக்கத்தையும் காலத்தையும் கேட்டால், சீராக முடுக்கப்படும் பொருளுக்கான மூன்று இயக்கச் சமன்பாடுகளில் எதை முதலில் எடுப்பது என்று கேட்டிருக்கிறார். வடசென்னைத் தெருக்களில் மாலைதோறும் ஆடப்படும் கேரம் பலகையிலிருந்தே இதற்கு விடை சொல்லலாம்.

நொடிக்கு 120 சென்டிமீட்டர் வேகத்தில் சுண்டிய ஸ்ட்ரைக்கர், எந்தக் காயிலும் படாமல் 48 சென்டிமீட்டர் சறுக்கி நின்றுவிடுகிறது என்று கொள்வோம். ‘நின்றுவிடுகிறது’ என்ற சொல்லே இறுதித் திசைவேகம் சுழி என்று சொல்லிவிடுகிறது. ஆகவே சராசரி 60. 48 சென்டிமீட்டரைக் கடக்க 0.8 நொடி, அதற்குள் 120 முழுவதும் கரைவதால், முடுக்கம் நொடிக்கு நொடி 150 சென்டிமீட்டர், இயக்கத்துக்கு எதிர்த்திசையில்.

சராசரிக்குத் தொடக்கத்தையும் முடிவையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும் என்று எந்தத் துணிவில் சொல்கிறோம்? பவுடர் தூவிய பலகையின் உராய்வு, ஸ்ட்ரைக்கர் விரைந்தாலும் தளர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் இழுப்பதால், சம நேரங்களில் சம அளவு வேகம் குறைகிறது. 0.8 நொடியை நான்கு சம பங்காகப் பிரித்தால், வேகம் 120, 90, 60, 30, 0 என்று இறங்க, அந்தப் பங்குகளில் கடக்கும் தூரங்கள் முறையே 21, 15, 9, 3 சென்டிமீட்டர். ஒவ்வொன்றையும் மூன்றால் வகுத்தால் 7, 5, 3, 1 என்ற ஒற்றைப்படை எண்கள் வரிசையாக வந்து நிற்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மகிழ்ச்சி குறைவதில்லை. சாய்பலகையில் பந்தை உருட்டிக் கலிலியோ கண்டு, 1638-இல் வெளியிட்ட வரிசையும் இதுவே; அவருடைய பந்து ஓய்விலிருந்து புறப்பட்டதால் 1, 3, 5, 7 என்று ஏறியது, நம் ஸ்ட்ரைக்கர் ஓய்வை நோக்கிச் செல்வதால் அதே எண்கள் தலைகீழாக இறங்குகின்றன.

இதைச் சோதிக்க, நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் கைப்பேசியைப் பலகைக்கு நேர் மேலே பிடித்து, ஆறு படங்களுக்கு ஒருமுறை ஸ்ட்ரைக்கரின் இடத்தைக் குறித்தால் போதும். ஆய்வகத்துக்கு நிதி வரட்டும் என்று காத்திருக்கும் பள்ளிகளிலும் இதைச் செய்யலாம். ஆனாலும் அந்த நிதி வரத்தான் வேண்டும், ஏனெனில் கையால் அளந்த பிள்ளைக்குச் சமன்பாட்டை மனப்பாடம் செய்யும் தேவையே பெரும்பாலும் எழுவதில்லை.

பாதி வேகத்தில் சுண்டினால் என்ன ஆகும் என்பதும் அதே வரிசையில் இருக்கிறது. வேகம் 60 ஆன பிறகு மீதமிருந்தவை 9, 3 ஆகிய இரு பங்குகள் மட்டுமே. பாதி நேரம், பாதிச் சராசரி, ஆகவே கால் பங்குத் தூரமாகிய 12 சென்டிமீட்டர். இருமடங்கு வேகத்தில் சுண்டினாலோ 192 சென்டிமீட்டர் தேவைப்படும். பலகையின் உட்பக்கம் 74 சென்டிமீட்டருக்கு மேல் இல்லாததால், ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் மோதித் திரும்பும். அந்த மோதலின்போது முடுக்கம் சீராக இருப்பதில்லை என்பதால், மோதலுக்கு முந்தைய ஓட்டத்தையும் பிந்தைய ஓட்டத்தையும் தனித்தனிக் கணக்காகவே போட வேண்டும்.