எரிமலைக் குழம்பு கடலில் விழும்போது கேமராவுக்கு என்ன தெரிகிறது?

பாலக்காட்டுப் பகுதியின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கள் இறக்குபவர்களுக்குப் பாளை சீவும் கத்தி அடிக்கும் கொல்லுப்பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் இருட்டுதான் கண்ணில் படும். அந்த அரை இருட்டு வேண்டுமென்றே வைத்திருப்பது. வெயில் உள்ளே விழுந்தால் பழுக்கக் காய்ச்சிய இரும்பின் நிறம் தெரியாது. நிறம் தெரியாவிட்டால் சூடும் தெரியாது. மங்கிய சிவப்பு ஏறக்குறைய 700 டிகிரி செல்சியஸ், நல்ல ஆரஞ்சு 1000 டிகிரியை ஒட்டி. கொல்லருக்கு நிறமே வெப்பமானி.

ஹவாயின் கிலாவேயா எரிமலையிலிருந்து 2018 வரை கடலில் இறங்கிய குழம்பைப் படமெடுத்தவர்களுக்கும் இதே இயற்பியல்தான் கைகொடுத்தது. அந்தக் குழம்பு சுமார் 1150 டிகிரி. அந்தச் சூட்டில் ஒரு பொருள் வீசும் ஆற்றலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவே போய்விடுகிறது. அதன் உச்சம் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் இருக்கிறது; நம் கண்ணோ 0.7 மைக்ரானோடு நின்றுவிடும். நாம் காண்பது அந்தப் பெரும் வீச்சின் ஓரத்தை மட்டுமே. அந்த ஓரத்திலும் சிவப்புதான் மிகுதி, நீலம் அதைவிடப் பல பத்து மடங்கு குறைவு.

படம் கெடுவது இங்கேதான். சுற்றிலும் கறுத்த பாறை, இருண்ட வானம். கேமராவின் ஒளிமானி இந்த இருட்டையெல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்து, வெளிச்சம் போதாது என்று முடிவுகட்டி எக்ஸ்போஷரை, அதாவது உள்வாங்கும் ஒளியின் அளவை, கூட்டிவிடும். சென்சாரில் சிவப்பைப் பதிக்கும் புள்ளிகள் முதலில் நிரம்பி வழிகின்றன. பச்சை மட்டும் மேலும் ஏற, ஆரஞ்சாக இருந்த குழம்பு மஞ்சளாகி, கடைசியில் வெளுத்துப்போகிறது. இணையத்தில் சுற்றும் லாவா படங்கள் பலவற்றில் இந்தப் பொய் மஞ்சள் இருக்கிறது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் எந்த இடம் இப்போதுதான் பாறைக்கடியில் குழம்பு ஓடும் குழாயிலிருந்து வெளிவந்தது, எது ஆறத் தொடங்கிவிட்டது என்ற செய்தி அதில் அழிந்துபோகிறது. எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. எதை வெள்ளை என்று கேமரா கொள்ள வேண்டும் என்று சொல்லும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு நிறுத்தி, ஒளியின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்புக் கோடு வலது ஓரத்தை முட்டாதபடி எக்ஸ்போஷரைக் குறைத்து, சென்சார் பதித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் நிறம் தப்பும். பழக நினைப்பவர்கள் ஹவாய் போக வேண்டாம், கொல்லரிடம் கேட்டுக்கொண்டு பட்டறையில் ஒரு மாலை நின்றால் போதும்.

பகலில் எடுத்தால் வெள்ளைப் புகைதான் மிஞ்சும். முழு இரவில் குழம்பு மட்டும் தனியாகத் தொங்கும். பொழுது சாய்ந்து வானம் நீலம் பாரிக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வானத்தின் ஒளியும் குழம்பின் ஒளியும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கும். விடியலுக்குச் சற்று முன்னும் அப்படியே.

அப்போது படத்தில் சிவந்து பொங்குவதில் ஒரு பகுதி குழம்பே அல்ல, குழம்பின் வெளிச்சத்தை வாங்கிச் சிதறடிக்கும் நீராவி. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். அலை குழம்புக்குள் சிக்கி ஆவியாகும்போது அந்த விரிவு குழம்பைக் கிழித்தெறிகிறது. தெறிக்கும் துண்டுகள் நொடியில் ஆறிக் கண்ணாடியாகி நொறுங்கி, கறுப்பு மணலாகக் கரையில் சேர்கின்றன. இந்தத் தெறிப்பைப் படத்தில் உறையவைக்க ஷட்டர் 1/500 நொடி திறந்தால் போதும். கோடுகளாக இழுக்க வேண்டுமென்றால் ஒரு நொடி.

எவ்வளவு அருகில் நிற்கலாம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. கடலோரம் புதிதாகத் தெரியும் தரை, தளர்ந்த மணல் சரளையின் மேல் படிந்த மேலோடு. 2016 டிசம்பர் 31 அன்று கிலாவேயாவின் கடலோரமான கமோகுனாவில் அப்படிப்பட்ட தரை சுமார் 10 ஹெக்டேர் கடலுக்குள் சரிந்தது. 2018 ஜூலை 16 அன்று வெடித்துப் பறந்த லாவாத் துண்டு ஒரு சுற்றுலாப் படகின் கூரையைத் துளைத்து 23 பேரைக் காயப்படுத்தியது.

அந்த வெள்ளைப் புகையும் வெறும் நீராவி இல்லை. கொதித்து வற்றும் கடல்நீரின் குளோரைடு உப்புகள் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிறது. கூடவே நுண்ணிய கண்ணாடித் தூள். கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். எப்போதும் காற்று முதுகில் படும் பக்கமாகவே நிற்க வேண்டும். லென்ஸுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் கட்டாயம். அதில் படிந்ததை உலர்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடித் தூள் கீறிவிடும்; முதலில் காற்றடித்து ஊதிவிட்டு, ஃபில்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிய பிறகே துணி படலாம்.