ஒரு கிலோவில் எத்தனை சேக்கல்?

சேக்கல் என்பது பைபிளில் வரும் ஒரு பழைய எடை அளவு, சுமார் 11.33 கிராம். 1,000 கிராமை 11.33 ஆல் வகுத்தால் 88.26 வரும். ஆக, ஒரு கிலோ சர்க்கரை பண்டைய யூதா நாட்டுக் கணக்கில் 88 சேக்கலும் கொஞ்சமும். கணக்கு அவ்வளவுதான். அந்த 11.33 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால்தான் விஷயம் சுவையாகிறது.

சேக்கல், தாலந்து, கேரா எல்லாம் தமிழ் பைபிள் படிப்பவர்களுக்குப் பழகிய சொற்கள். சேக்கல் என்ற சொல்லின் எபிரேய வேருக்கு ‘நிறுத்தல்’ என்று பொருள். நாணயம் புழக்கத்துக்கு வராத காலம் அது. வெள்ளியை நறுக்கித் தராசில் போட்டு நிறுத்துத்தான் கொடுப்பார்கள். மக்பேலா குகை நிலத்துக்கு ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளி கொடுத்தார் என்ற வரியிலும், அவர் ‘நிறுத்துக்கொடுத்தார்’ என்றுதான் இருக்கிறது.

சரி, தராசின் மறு தட்டில் என்ன வைத்தார்கள்? கல். கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான எடைக்கற்கள் யூதா நாட்டு மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. சுண்ணாம்புக் கல்லை வழவழப்பாகத் தேய்த்து, அடிப்பக்கம் தட்டையாகவும் மேற்பக்கம் குமிழாகவும் செய்தவை. குமிழின் உச்சியில் மேலே வாய் திறந்த 8 போல ஒரு குறி, அதுதான் சேக்கல். பக்கத்தில் எண். இந்தக் கற்களை நிறுத்துப் பார்த்து எடுத்த சராசரிதான் 11.33 கிராம். நம் நகைக்கடைக் கணக்கில் ஒன்றரை பவுனுக்குச் சற்றுக் குறைவு.

சராசரி என்ற சொல்லை மறக்கக் கூடாது. எருசலேமில் மேற்குச் சுவருக்கு அருகே கிடைத்து 2020-இல் அறிவிக்கப்பட்ட இரண்டு சேக்கல் கல் 23 கிராம் இருந்தது. அதன்படி ஒரு சேக்கல் 11.5 கிராம். இன்றைய கிலோகிராமை 2019 முதல் பிளாங்க் மாறிலி என்ற மாறாத எண் தாங்கிப் பிடிக்கிறது. சேக்கலைத் தாங்கியதோ கையால் தேய்த்த கல். அதனால் 88.2613 என்று நாலு தசம இடம் வரை விடை போடுவதில் அர்த்தமே இல்லை. சுமார் 88 என்பதுதான் நேர்மையான விடை.

எந்தக் காலத்துச் சேக்கல் என்பதையும் முதலில் கேட்க வேண்டும். கி.பி. 66-இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்த யூதர்கள் அடித்த வெள்ளிச் சேக்கல் நாணயம் சுமார் 14 கிராம். அதை வைத்து வகுத்தால் ஒரு கிலோவுக்கு 71 சேக்கல்தான் தேறும்.

கற்களில் இருக்கும் எண்களிலும் ஒரு புதிர் உண்டு. நான்கு சேக்கல் கல்லில் 5 என்றும், எட்டு சேக்கல் கல்லில் 10 என்றும் எகிப்திய எண்ணுருவில் செதுக்கியிருக்கிறார்கள். எட்டு சேக்கல் சுமார் 91 கிராம். எகிப்தின் தெபென் என்ற அளவும் ஏறக்குறைய அதே எடைதான். அதைப் பத்தாகப் பிரித்தால் பத்து கெதெத். ஒரே கல்லை இரு நாட்டு வணிகர்களும் தத்தம் கணக்கில் பயன்படுத்த முடிந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

இனி பெரிய அளவுகள். ஒரு தாலந்துக்கு எத்தனை சேக்கல் என்பதை பைபிளின் யாத்திராகமம் 38-ஆம் அதிகாரம் சொல்லாமல் சொல்கிறது. 6,03,550 பேர் தலைக்கு அரைச் சேக்கல் கொடுத்தார்கள். சேர்ந்தது 100 தாலந்தும் 1,775 சேக்கலும். பாதியாக்கினால் 3,01,775. அதில் 1,775-ஐக் கழித்து 100 ஆல் வகுத்தால் 3,000. ஆக, ஒரு தாலந்து சுமார் 34 கிலோ. 50 சேக்கல் கொண்ட மினா சுமார் 567 கிராம்.

சிறிய அளவுக்குப் போனால் நூலும் கல்லும் ஒத்துப்போகவில்லை. சேக்கலுக்கு 20 கேரா என்கிறது பைபிள். கற்களோ 24 என்கின்றன. அப்படியானால் ஒரு கேரா அரை கிராம்கூட இல்லை. எருசலேமில் ‘இரண்டு கேரா’ குறியோடு கிடைத்த ஒரு கல் 0.94 கிராம் இருக்க வேண்டியது, 3.61 கிராம் இருந்தது. பையில் பெரிதும் சிறிதுமாக இருவகைக் கல் வைத்திருக்காதே என்று பைபிளின் உபாகமம் ஏன் கண்டித்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு முழுக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாலந்து போனால் மீதி 26,010 கிராம். அதில் 45 மினா போனால் 517.5 கிராம். 45 சேக்கல் போனால் மிஞ்சுவது 7.65 கிராம்.

அந்த மிச்சத்துக்கும் ஒரு கல் உண்டு. அதன் பெயர் பிம். சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. 1 சாமுவேல் 13:21-இல் இந்தச் சொல் வருகிறது. பைபிளில் வேறெங்கும் இல்லாத சொல் என்பதால் பொருள் தெரியாமல் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘அரம்’ என்று போட்டார்கள். பழைய தமிழ் பைபிளிலும் அரம்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெயர் பொறித்த கற்கள் கிடைத்த பிறகே வரி விளங்கியது. அது கருவி இல்லை, கூலி. அண்டை நாட்டவரான பெலிஸ்தரிடம் கொழுவைத் தீட்டிக்கொள்ள இஸ்ரவேல் விவசாயி தராசில் வைத்த வெள்ளி அது: ஏறக்குறைய ஏழே முக்கால் கிராம்.