எண்ணும் எழுத்தும்: ஆசிரியர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

2022 ஜூனில் தமிழக அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வந்த, எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்கும் கற்றுக்கொடுக்கும் திட்டம் இது. பிள்ளைக்கு என்ன வந்திருக்கிறது என்பதுதான் இதில் அளவு. அதற்குப் பெயர் கற்றல் விளைவு. அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலை. பிள்ளை இருக்கும் நிலைக்கு ஏற்பப் பயிற்சி. பின்னணி இவ்வளவு போதும்.

நிலை வேறு, வகுப்பு வேறு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம். அதற்காகத்தானே இந்த ஏற்பாடே. ஆனால் பார்வையிட வருகிறவர்கள் "இன்னும் அரும்பா?" என்று முகம் சுளிக்கிறார்கள். பட்டியலில் மலர் என்றிருந்த ஒரு சிறுமியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 'பட்டம்' என்ற சொல்லில் 'ப' வந்தது. 'ட்' வந்ததும் விரல் நின்றுவிட்டது, தலை குனிந்துகொண்டாள். "அரும்பு என்று போட்டால் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைக்கிறார்கள், என்ன செய்ய?" என்றார் ஆசிரியர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும், நிலையை ஏற்றிப் போடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டிய பயிற்சி கிடைக்காமல் போகும். அடுத்த ஆண்டு பழியும் உங்கள் மேல்தான் விழும்.

அப்புறம் ஆள் கணக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பதைத் தொடக்கப் பள்ளியில் மொத்த எண்ணிக்கைக்குத்தான் பார்ப்பார்கள். 60 பேர் வரை இரண்டே ஆசிரியர். ஐந்து வகுப்பு, மூன்று நிலை, இரண்டு பேர்! ஒருவர் பயிற்சிக்குப் போனால் மீதி ஒருவர். 61ஆவது பிள்ளை வந்தால்தான் மூன்றாவது ஆசிரியரைக் கேட்க முடியும். அதுவும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், பெயர் இருக்க வேண்டும். பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும், பழைய பள்ளி பெயரைத் தன் பட்டியலிலிருந்து காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியல்) விடவில்லை என்றால் உங்களால் சேர்க்க முடியாது. பழைய பள்ளியைக் கேட்டால் "விட்டாச்சே" என்பார்கள். வட்டாரக் கல்வி அலுவலகம் எமிஸ் பார்ப்பவரைக் கைகாட்டும், அவர் திரும்பப் பழைய பள்ளியைக் கைகாட்டுவார். இதிலேயே ஆகஸ்ட் வந்துவிடும். ஜூலை முதல் வாரமே எழுத்தில் கேளுங்கள். நகலில் தேதியோடு கையொப்பம் வாங்காமல் திரும்பாதீர்கள்.

மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றும்போது சர்வர் சுற்றிக்கொண்டே நிற்கும். மறுநாள் அறிக்கையில் 'பதிவு இல்லை' என்று வரும். ஏற்றியதும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், மதிப்பெண்ணை நோட்டிலும் எழுதி வையுங்கள்.

அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூன்று தவிர, கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது. வேறு வேலைக்குப் போனில் கூப்பிட்டால், "ஆணையை எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.